அம்புப் படுக்கையருகே ஒரு வினா

மருத்துவ நூல்களில் உள்ள அறிவிற் பெரும்பகுதி நோயாளரிடமிருந்து பெறப்பட்டதாகும். ஒருவருடைய உடலில் ஒரு மருந்து செய்ததையும் செய்யாததையும் குறித்துவைத்து, அதனை அடுத்தவருக்குப் பயன்படுத்துவதே அத்துறை வளர்ந்த வழி. இவ்வேற்பாட்டிலே ஒரு நியாயம் அடங்கியிருக்கின்றது. இன்று தம் உடலையோ நேரத்தையோ ஆய்வுக்குக் கொடுப்பவர் நாளை அவ்வறிவின் பயனைத் தாமும் பெறக்கூடும். அவர் பெறாவிடினும் அவர் போன்றோர் பெறுவர். கொடுத்தலும் பெறுதலும் நீண்ட காலத்தில் ஒருவாறு சமன்படும் என்ற நம்பிக்கையின் மீதே ஆய்வின் அறம் நிற்கின்றது. ஆனால், சில வாரங்களிலோ நாள்களிலோ இறக்கப்போகும் ஒருவரிடம் ஆய்வாளர் வினாத்தாளோடு வந்து நிற்கும்போது இக்கணக்குப் பொருந்தாமற் போகின்றது. அவரிடமிருந்து பெறுவதைப் பின்னர் அவருக்கே திருப்பிக் கொடுக்க இயலாது. அவ்வாறாயின் அவரிடம் எதனையும் கேட்கலாமா, கேட்கலாமெனின் எந்த உரிமையோடு கேட்பது என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

இவ்வினா எங்கும் எழக்கூடியதே. எனினும் நுவரெலியா, ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியா ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் அது தனியானதொரு கூர்மையைப் பெறுகின்றது. கொடுத்தலும் பெறுதலும் சமன்படும் என்று மேலே கூறிய நம்பிக்கைக்கு அங்கு வரலாற்றின் ஆதரவு மிகக் குறைவு. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்குவதற்கு முன்னரே, கோப்பித் தோட்டங்களுக்காக மன்னாரிலிருந்து காட்டுவழியே நடத்திக் கொண்டுவரப்பட்டவர்களிற் பலர் வழியிலேயே மாண்டனர். 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பகுதிகளுக்கு ஓரளவு மருத்துவ வசதியைக் கொணர்ந்தது உண்மையே. ஆயினும் தொழிலாளரின் உடல்நலம் என்பது தோட்டத்தின் நலத்தில் ஒரு பகுதியாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. வேலை செய்யக்கூடிய உடல் எவ்வாறேனும் காக்கப்பட வேண்டியதாயிற்று. வேலை செய்ய இயலாது லயக் காம்பராவின் மூலையிற் கிடக்கும் உடலைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை. பறித்த கொழுந்தின் நிறை நாள்தோறும் எழுதப்பட்டது; செக்றோலில் ஒரு பெயர் நீக்கப்படுவதற்கு முந்திய மாதங்களில் அப்பெயருக்கு உரியவர் எத்தகைய நோவினை அனுபவித்தார் என்பது எங்கும் எழுதப்படவில்லை.

இறக்குந் தறுவாயில் இருப்பவரிடம் கேட்டல் என்பது தமிழர் மரபுக்குப் புதியதன்று. சாகக் கிடப்பவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டு அதனைச் செய்து கொடுப்பதும், உறவினர் ஒவ்வொருவராக வந்து பால் ஊற்றுவதும், அவ்வேளையிற் சொல்லப்பட்ட சொல்லை மீறாது காப்பதும் தோட்டங்களில் இன்றும் அறியப்பட்ட வழக்கங்கள். சட்டமும் இதனை ஒருவாறு ஏற்றுள்ளது. 1895ஆம் ஆண்டின் இலங்கைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, இறந்தவர் தம் மரணத்தின் காரணம் பற்றிக் கூறிச்சென்றதைச் சான்றாக அனுமதிக்கின்றது. எனவே, கேட்பதே அபசாரம் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. எவ்வாறு கேட்பது என்பதில்தான் மரபு இருவேறு காட்சிகளை வைத்திருக்கின்றது. அருச்சுனன் தபசு ஆடப்படும் மலையகத்தில் அவ்விரண்டும் அந்நியமானவை அல்ல.

ஒன்று பீஷ்மருடையது. போரின் பத்தாம் நாளில் வீழ்ந்து அம்புப் படுக்கையிற் கிடந்த பீஷ்மரிடம், அம்புகளைப் பிடுங்கவல்ல வைத்தியரைத் துரியோதனன் அழைத்து வந்தான். பீஷ்மர் அவர்களுக்கு உரிய மரியாதை செய்து திருப்பியனுப்பினார். குணப்படுத்தும் மருத்துவத்தை அவர் மறுத்துவிட்டார் என்று இதற்குப் பொருள். போர் முடிந்தபின் தருமன் அரச நீதி பற்றி அவரிடம் கேட்க விரும்பினான்; அவர் கிடக்கும் நிலைக்குத் தானே காரணம் என்ற நாணத்தால் அணுகத் தயங்கினான். வியாச பாரதத்துச் சாந்தி பருவம் இவ்விடத்தில் ஒரு நுட்பமான செய்தியைக் கூறுகின்றது. அம்புகளின் நோவினால் தம் அறிவு கலங்கியிருப்பதாகவும் பேச இயலாதிருப்பதாகவும் பீஷ்மர் முதலிற் கூறிவிடுகின்றார். கண்ணன் அவருடைய நோவும் மயக்கமும் பசியும் தாகமும் நீங்குமாறு வரமளிக்கின்றான். அன்று எதுவும் கேட்கப்படவில்லை. யாவரும் திரும்பிச் சென்று மறுநாள் வருகின்றனர். இரவு எவ்வாறு கழிந்தது, அறிவு தெளிந்திருக்கின்றதா என்று முதலில் விசாரிக்கின்றனர். அதன் பின்னரே வினாக்கள் தொடங்குகின்றன.

மற்றையது கர்ணனுடையது. வில்லிபாரதத்திற் கண்ணன் முதிய அந்தணன் வடிவில் வந்து, தேரருகே வீழ்ந்து கிடக்கும் கர்ணனிடம் அவன் செய்த புண்ணியம் முழுவதையும் தானமாகக் கேட்கின்றான். கர்ணன் குருதியாலே தாரைவார்த்துக் கொடுக்கின்றான். இக்காட்சியைக் கேட்போர் கர்ணனின் கொடைக்கே கண்ணீர் விடுவர். கேட்டவன் செய்ததைப் பற்றி நினைப்பவர் குறைவு. அவன் தான் யார் என்பதை மறைத்து வந்தான். இல்லை என்று சொல்லத் தெரியாத ஒருவனிடம், சொல்லமாட்டான் என்று அறிந்தே கேட்டான். பின்னர்த் தன் உருவைக் காட்டியருளினான் என்பது வேறு விடயம். தெய்வத்துக்கு அது இயலும். ஆய்வாளர் தெய்வமல்லர்.

கேட்காமல் விடுதலே இத்தகைய இக்கட்டுக்கு எளிய வழி என்று தோன்றலாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மேலை நாட்டு வைத்தியசாலைகள் பலவற்றிலும் அதுவே வழக்கமாக இருந்தது. 1965இல் சிக்காகோவில் எலிசபெத் குப்ளர் ரோஸ் மரணத்தை எதிர்நோக்கும் நோயாளருடன் உரையாட விரும்பி வைத்தியரிடம் விசாரித்தபோது, அத்தகையோர் எவரும் தம் பகுதியில் இல்லை என்ற விடையே கிடைத்தது. அத்தனை பெரிய வைத்தியசாலையில் இறக்கப்போகிறவர் ஒருவரேனும் இல்லையாம்! தேடிக் கண்டடைந்து கேட்டபோது நோயாளரிற் பேச மறுத்தவர் மிகச் சிலரே. பேசவேண்டுமென்று அவர்கள் காத்திருந்தனர் என்பதே அவருடைய அநுபவம்.

பேசியதாற் பயனும் விளைந்தது. இலண்டனிற் சிசிலி சாண்டர்ஸ் 1958 முதல் புனித யோசேப்பு இல்லத்தில் இறக்குந் தறுவாயிலுள்ளோரின் நோவைக் கேட்டும் குறித்தும் ஒலிப்பதிவு செய்தும் வந்தார். நோவு வந்து நோயாளி கெஞ்சிய பிறகு மோர்பீன் கொடுப்பதை விட்டு, நோவு மீண்டும் தலைதூக்குமுன் ஒழுங்கான நேர இடைவெளியிற் கொடுத்துவந்தால் நோயாளி தெளிந்த அறிவோடு இருக்கமுடியும் என்பதை அவ்வேடுகள் காட்டின. 1967இல் அவர் நிறுவிய புனித கிறிஸ்தோபர் இல்லத்தில் ரொபேர்ட் ருவைக்கிறொஸ் செய்த ஒப்பீட்டாய்வுகள், உயர்ந்ததென நம்பப்பட்ட ஹெரோயின் மருந்து வாய்வழி கொடுக்கும்போது மோர்பீனிலும் மேலானதன்று என்று காட்டின. உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் நோவு தணித்தற்கு 1986இல் வெளியிட்ட எளிய படிமுறை இவ்வறிவின் மீதே எழுந்தது. 2010இல் அமெரிக்காவில், முற்றிய நுரையீரற் புற்றுநோயாளர் 151 பேரிடையே செய்யப்பட்ட ஆய்விலே, தொடக்கத்திலேயே நோவு தணிக்கும் பராமரிப்பைப் பெற்றோர் இடைநிலைக் கணக்கில் 11.6 மாதங்களும் பெறாதோர் 8.9 மாதங்களும் வாழ்ந்தனர். இறப்போரைத் தொந்தரவு செய்யலாகாது என்று அனைவரும் ஒதுங்கி நின்றிருப்பின் இவற்றுள் எதுவும் அறியப்பட்டிராது. அடுத்த தலைமுறையின் நோயாளரும் பழைய நோவிலேயே இறந்திருப்பர்.

தோட்டங்களைப் பொறுத்தவரை இவ்வாதம் இன்னும் வலுவுடையது. வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் வழக்கம் குளிரிலும் மழையிலும் உழைக்கும் மக்களிடையே வேரூன்றியது. பாக்கு தனித்தே புற்றுநோயை விளைக்கும் என்பது 2004இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தால் உறுதிசெய்யப்பட்டது. மத்திய மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிடையே வாய்ப்புற்றும் அதற்கு முந்திய நிலைகளும் எவ்வளவு பரவியுள்ளன என்பதை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2007இற் பேராதனை ஆய்வாளரால் வெளியிடப்பட்டது. நோய் எத்தனை பேருக்கு உண்டு என்பதை அறிதல் ஒரு படி. அந்நோயால் வாய் திறக்க முடியாது, விழுங்க முடியாது, புண்ணின் நாற்றத்தால் உறவினரும் அருகிருக்கக் கூசும் நிலையில் ஒருவர் இறுதி மாதங்களை எவ்வாறு கழிக்கிறார் என்பது வேறு வகை அறிவு. இலண்டனிலும் பொஸ்ரனிலும் பெறப்பட்ட அறிவு அதற்கு முழுமையாக உதவாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், பொதுக் குழாயில் நீர் பிடித்து, மகளும் மருமகளும் விடிகாலையிலே பெரட்டுக்குப் போய்விடும் வீட்டில் இறப்பது எத்தகையது என்பதை அங்கு இறப்பவரும் அவர் வீட்டாருமே சொல்லமுடியும். அவர்களை ஆய்விலிருந்து காப்பதாகக் கூறி விலக்கிவைப்பின், நோவு தணிப்புக்கான திட்டங்கள் வேறெவருடைய மரணத்தையோ மனத்திற்கொண்டு எழுதப்படும்.

கேட்கவேண்டும் என்பது இவ்வாறு நிறுவப்படலாம். ஆனால், மலையகத் தோட்டங்களில் ஆய்வு என்பது எத்தகைய உருவில் வந்துள்ளது என்பதையும் இவ்விடத்து நோக்குதல் தகும். பூண்டுலோயாப் பகுதியின் டன்சினன், ஹரோ ஆகிய தோட்டங்களில் 1970இல் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டறிஞரும் அவர் குழுவினரும் 480 ஆண் தொழிலாளரின் பற்களையும் ஈறுகளையும் பரிசோதித்தனர். பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்தியமோ எட்டியிராத மக்களிடையே ஈறு நோய் தன் போக்கில் எவ்வாறு வளர்கின்றது என்று அறிவதே நோக்கம். ஒப்பீட்டுக்காக, ஒழுங்கான பல் வைத்தியம் பெற்றுவந்த மாணவரும் கல்விமான்களுமாகிய ஒரு குழு ஒஸ்லோ நகரில் தெரிவுசெய்யப்பட்டிருந்தது. தோட்டத் தொழிலாளர் 1985 வரை பதினைந்து ஆண்டுகளில் ஆறு முறை பரிசோதிக்கப்பட்டனர். நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து பரவியது, 81 பேருக்கு நடுத்தரமாகப் பரவியது, 11 பேருக்குப் பரவவில்லை என்ற 1986ஆம் ஆண்டு முடிவு உலகெங்கும் பல் மருத்துவ மாணவர் கற்கும் பாடமாயிற்று. 2010இல் எஞ்சியிருந்தோருள் 75 பேர் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். நாற்பதாண்டு வரலாறாக அது 2017இல் வெளிவந்தது.

ஈறு நோயால் எவரும் இறப்பதில்லை. இவ்வாய்வைக் கொடுஞ்செயல் என்பது மிகைக்கூற்றாகும். அதன் அறிவியற் பெறுமதியும் ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் அப்பெறுமதி எதிலிருந்து பிறந்தது என்று கேட்டல் வேண்டும். ஒஸ்லோவில் இருந்தது டன்சினனில் இல்லாதிருந்தமையே அதன் மூலப்பொருள். அவ்வில்லாமை ஆய்வாளர் உண்டாக்கியதன்று. அவர்கள் வந்தபோது அது அங்கேயே இருந்தது. ஆனால் அது நீங்கிவிடின் ஆய்வும் நின்றுவிடும் என்ற நிலை தோன்றும்போது, பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் இடையே ஒரு கோணலான உறவு பிறந்துவிடுகின்றது. மரணத் தறுவாயிலுள்ளோரிடையே அவ்வுறவு வரின் அதன் கோணல் பன்மடங்காகும். தணிக்கப்படாத நோவு எத்தகையது என்று அறிய விரும்பும் ஆய்வாளருக்கு, மோர்பீன் எட்டாத தோட்டம் ஒரு வசதியான களமாகத் தோன்றக்கூடும்.

கொடுமை என்ற சொல்லுக்கு முற்றிலும் தகுதியான ஆய்வு வேறொன்று உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்னுமிடத்தில் 1932 முதல் 1972 வரை, கிரந்தி நோயுற்ற 399 கறுப்பின ஆண்களை அரச சுகாதாரத் துறையினர் சிகிச்சையின்றி அவதானித்து வந்தனர். பென்சிலின் கைக்கு எட்டிய பின்னரும் அது அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. இது பலரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாத ஒரு செய்தி யாதெனின், அவ்வாய்வு மரணத்தோடு முடியவில்லை என்பதாகும். உடலை அறுத்துப் பார்த்தாலே முடிவு உறுதிப்படும் என்பதால், பிரேத பரிசோதனைக்கு இணங்கும் குடும்பத்துக்கு அடக்கச் செலவு வழங்கப்பட்டது. வறிய கூலி விவசாயிக்குத் தம் உடல் முறையாக அடக்கம் செய்யப்படும் என்ற உறுதியை விடப் பெரிய ஆசை காட்ட இயலாது. தோட்ட மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சம்பளத்தில் மாதந்தோறும் ஒரு தொகையை மரண உதவிக்கென ஒதுக்குவோரும், சாவுச் செலவுக்காக நகையை அடகு வைப்போரும் அவர்கள். இறுதிச் சடங்குக்கு ஒரு சிறு உதவி என்ற பெயரில் ஆய்வுக்கு இணக்கம் பெறுதல் அங்கு மிக எளிது. எளிதாயிருப்பதே அதன் குற்றம்.

1947இன் நியூரம்பேர்க் நெறிகளும் 1964இன் ஹெல்சிங்கிப் பிரகடனமும் இத்தகைய கொடுமைகளுக்கு எதிராக ஒரு காவலை வகுத்தன. ஆய்வு பற்றி முழுதும் அறிந்து, வற்புறுத்தலின்றி, மறுக்கும் உரிமையோடு ஒருவர் அளிக்கும் சம்மதமே அக்காவல். இலங்கைப் பல்கலைக்கழகங்களின் அறநெறி மீளாய்வுக் குழுக்களும் இதனையே கோருகின்றன. தமிழிலும் படிவம் இருத்தல் வேண்டும் என்கின்றன. படிவம் இருக்கின்றது. ஆனால் மலையகத்தில் காகிதத்துக்கு ஒரு வரலாறும் இருக்கின்றது. தொழிலாளியின் கடனைக் குறித்து அவரை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாற்றிய ‘துண்டு’ 1921இல் ஒழிக்கப்படும்வரை கைநாட்டு என்பது கடனையே குறித்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின்னர் நிரப்பிய விண்ணப்பங்களும், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பிரித்த படிவங்களும் குடும்பங்களை இரண்டாக்கின. பாட்டியிடம் கைநாட்டு வாங்கிய காகிதம் எதுவும் பாட்டிக்கு நன்மை செய்ததாகப் பேரப்பிள்ளைகள் கேட்டதில்லை. இந்நிலையிற் ‘தன்னார்வப் பங்கேற்பு’, ‘இரகசியத்தன்மை’ என்று தொடங்கும் ஒரு தாளை நோயுற்ற மூதாட்டியிடம் படித்துக் காட்டிப் பெருவிரலை மையில் தோய்ப்பதைச் சம்மதம் என்பது சொற்களுக்கு அநியாயமாகும். படிவத்தின் தமிழ் வேறு. லயத்தின் தமிழ் வேறு.

அத்தாள் மூதாட்டியின் கைக்கு வரும் வழியும் கருதத்தக்கது. கம்பனியின் அனுமதி, துரையின் அனுமதி, தோட்ட வைத்திய உதவியாளரின் ஒத்துழைப்பு, தொழிற்சங்கத் தலைவரின் நல்லெண்ணம் ஆகிய யாவும் பெறப்பட்ட பின்னரே ஆய்வாளர் காம்பரா வாசலுக்கு வருகின்றார். இத்தனை பெரியவர் சரி என்று சொல்லியாயிற்று. இனி மறுப்பதற்கு அங்கு என்ன எஞ்சியிருக்கின்றது? கர்ணன் இல்லை என்று சொல்லாதது அவன் வள்ளன்மையால். ஐயா கேட்கும்போது இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்று தலைமுறை தலைமுறையாகக் கற்றவர் தலையசைப்பதும் வெளித்தோற்றத்தில் அவ்வாறே இருக்கும். ஆகவே, மறுத்தவர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை ஆய்வின் தரத்துக்கு ஓர் அளவாகக் கொள்ளலாம். தோட்டத்தில் ஒருவரேனும் மறுக்காத ஆய்வு, தன் பங்கேற்பாளரின் ஒத்துழைப்பைப் பற்றிப் பெருமைப்படுவதை விட்டு ஐயுறுதல் நன்று.

இதனினும் கடினமான இடம் ஒன்று உண்டு. பல நோயாளருக்குத் தம் நோயின் பெயர் சொல்லப்படுவதில்லை. மகரகமவுக்கோ கண்டிக்கோ அழைத்துச் சென்று வந்த மகனுக்குத் தெரியும். நோயாளிக்கு ‘புண்’ என்றோ ‘கட்டி’ என்றோ மட்டும் கூறப்படும். சொன்னால் மனம் உடைந்துவிடும் என்பது வீட்டாரின் அன்பிற் பிறந்த அச்சம். நோயாளிக்கும் பெரும்பாலும் தெரிந்தேயிருக்கும். வீட்டார் வருந்துவர் என்று அவரும் தெரியாதவர் போல் இருப்பார். இத்திரைக்குள் புகும் ஆய்வாளர் நோயின் பெயரைச் சொன்னால் ஒரு வீட்டின் ஏற்பாட்டைக் குலைத்தவராவார். சொல்லாவிடின் அறிந்து அளிக்கும் சம்மதம் என்பது பொய்யாகும்.

இவ்விக்கட்டில் அன்பின் மொழியை ஆய்வாளர் தமக்குக் கவசமாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து கற்பனையன்று. 1963இல் நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் யூத நெடுநோய் வைத்தியசாலையில், மெலிந்து தளர்ந்த 22 நோயாளரின் தோலினடியில் உயிருள்ள புற்றுநோய்க் கலங்கள் ஊசியால் ஏற்றப்பட்டன. உடலின் எதிர்ப்பாற்றலைச் சோதிப்பதாகக் கூறப்பட்டதேயன்றிப் புற்றுநோய்க் கலம் என்ற செய்தி அவர்களுக்குக் கூறப்படவில்லை. இளம் வைத்தியர் மூவர் இதிற் பங்குகொள்ள மறுத்தனர். ஆய்வை நடத்திய செஸ்டர் சௌதம், புற்றுநோய் என்ற சொல் நோயாளரை வீணே அச்சுறுத்தும் என்றே விளக்கமளித்தார். நோயாளியின் மகன் சொல்லும் அதே வாக்கியந்தான். மகன் சொல்லும்போது அதனால் அவனுக்கு ஆதாயமில்லை. ஆய்வாளர் சொல்லும்போது ஆதாயம் முழுவதும் அவருடையது. தொழிலொழுக்கம் தவறியவர் என்று காணப்பட்ட அவரே 1968இல் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுச் சங்கத்தின் தலைவராகத் தெரிவானார் என்பதையும் இங்கு சேர்த்துக் குறிப்பிடலாம்.

குடும்பத்தை முற்றாக ஒதுக்கிவிடும் மேலைநாட்டுத் தனிமனிதக் கொள்கை மலையகத்துக்குப் பொருந்தாது என்பர். அது ஓரளவுக்கு உண்மையே. உணவு ஊட்டுவதும் புண் கழுவுவதும் குடும்பமாயின் அதன் சொல்லுக்கு இடமிருத்தல் வேண்டும். ஆனால் உடனிருத்தல் ஒன்று, பதிலாக நிற்றல் மற்றொன்று. மனைவி பறித்த கொழுந்துக்குரிய சம்பளத்தைக் கணவன் கைநீட்டி வாங்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. அவள் இறக்குங் காலத்தில் அவளுடைய சம்மதத்தையும் அவனே கைநீட்டிக் கொடுப்பதை மரபு என்று போற்றுவதற்கில்லை. நோயின் பெயரைச் சொல்லாமலே நேர்மையாகக் கேட்க ஒரு வழியுண்டு. உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியிடமே கேட்பதாகும். விரும்பவில்லை என்பவரை ஆய்வாளர் வணங்கி விட்டுவிடவேண்டும். அவரைச் சேர்க்காததால் ஆய்வின் எண்ணிக்கை குறையும், குறையட்டும்.

நோய் தீர்க்க வந்தவரா, அறிய வந்தவரா என்ற மயக்கம் இன்னொன்று. இருவருக்கும் உடை ஒன்றே. ஆய்வில் சேர்வதைச் சிகிச்சையில் சேர்வதாகவே நோயாளர் கருதிவிடுகின்றனர் என்பதை 1982இல் போல் அப்பல்போம் முதலிய அமெரிக்க உளமருத்துவர் எடுத்துக்காட்டினர். ஹற்றனிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸிற் சென்று, ஒரு நாட்கூலியை இழந்து, வரிசையில் நின்று வைத்தியரை ஐந்து நிமிடம் காணும் ஒருவரின் வீட்டுக்கே வெள்ளையுடை அணிந்த ஒருவர் வந்து, அமர்ந்து, ஒரு மணிநேரம் செவிகொடுத்துக் கேட்பாராயின் அவரைச் சிகிச்சையளிக்க வந்தவர் என்று கருதாமல் வேறு எவ்வாறு கருதுவது? அந்தணன் வேடம் பூண்டே வரவேண்டும் என்பதில்லை; வேடத்தை நோயாளியே அணிவித்துவிடுவார். அதனைக் களைவது வந்தவரின் பொறுப்பு.

இனி முதலிற் கூறிய கணக்குக்கு வரலாம். இறப்பவருக்குப் பின்னர்த் திருப்பிக் கொடுக்க இயலாதெனின், கொடுக்கவேண்டியதை முன்னரே கொடுத்துவிடுதலே எஞ்சியுள்ள வழி. சாந்தி பருவம் காட்டும் ஒழுங்கு அதுவே: முதலில் நோவு நீங்குகின்றது, ஓர் இரவு கழிகின்றது, பிறகு வினா வருகின்றது. நடைமுறையில் இதன் பொருள் தெளிவானது. மோர்பீனும், அதனை அளவறிந்து கொடுக்கவல்லவரும், அதனால் விளையும் மலச்சிக்கலுக்கான மருந்தும், புண்ணைக் கழுவும் முறையை வீட்டாருக்குக் கற்பிக்கும் தாதியும் தோட்டத்தை அடைந்த பின்னரே வினாத்தாள் அடையவேண்டும். கிடைக்கும் பராமரிப்பு வினாவுக்கு இணங்குவோர்க்கு மட்டுமன்றி மறுப்போர்க்கும் கிடைத்தல் வேண்டும்; இல்லையெனின் அது டஸ்கீகியின் அடக்கச் செலவாகவே மாறிவிடும்.

இவ்வாறு விதித்தால் ஆய்வே நடைபெறாது என்று மறுப்புக் கூறலாம். பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பட்டத்துக்காகச் செய்யும் சிறு ஆய்வுக்கு இத்தனை ஏற்பாடு எங்ஙனம் இயலும்? மறுப்பு வலுவானதே. ஆயினும் ஆய்வாளரே யாவற்றையும் சுமக்கவேண்டும் என்பதில்லை. டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட வைத்தியசாலை 2017இல் திறந்துவைக்கப்பட்டது. நோவு தணிப்புப் பராமரிப்புக்கென 2019 முதல் 2023 வரையான தேசியத் திட்டம் ஒன்றும் வகுக்கப்பட்டது. கடல்கடந்து கேரளத்திற் கோழிக்கோட்டில் 1993இல் சில வைத்தியரும் தொண்டரும் தொடங்கிய சங்கம், அயலவரையே பயிற்றி வீடுதோறும் அனுப்பும் முறையாக வளர்ந்தது. அங்கு ஆய்வு பராமரிப்பின் பின்னால் வந்தது. தோட்டத்து வாலிபர் சங்கங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் அது எட்டாத வித்தையன்று. பராமரிப்பு ஏற்பாடு ஒன்றோடு இணைந்து செய்ய இயலாத மாணவர், இறப்பவரை விடுத்து, இறந்தவரின் வீட்டாரிடமோ தோட்ட வைத்திய உதவியாளரிடமோ கேட்டு எழுதலாம். அறிவு சிறிது மெதுவாகச் சேரும். ஹெல்சிங்கிப் பிரகடனமும், நலிந்த பிரிவினரிடையே செய்யும் ஆய்வு அவர்தம் தேவைக்கே விடையளிப்பதாயும் அதன் பயன் அவர்களை அடைவதாயும் இருக்கவேண்டும் என்றே கூறுகின்றது.

கேட்கும் நேரமும் ஒரு பொருள். கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கும் சங்கொலிக்கும் கட்டுப்பட்டே நாற்பதாண்டு வாழ்ந்த ஒருத்தி, எவருக்கும் கணக்குச் சொல்லவேண்டாத நேரத்தைப் பெறுவது இறுதிப் படுக்கையிலேயாகும். அதிலிருந்து ஒரு மணிநேரத்தைக் கேட்பவர் அதன் விலையறிந்து கேட்டல் வேண்டும். வினா ஐந்தாயிருக்கலாம், ஐம்பதாயிருக்கலாகாது. அவள் கண்ணை மூடிக்கொண்டால் அதுவே விடை.

இறப்பின் பின்னும் ஒன்று எஞ்சுகின்றது. உரையாடல்களை ஒலிப்பதிவு செய்தல் இன்றைய ஆய்வுமுறையில் வழக்கம். ஆய்வு முடிந்து சில ஆண்டுகளின் பின்னர், பங்கேற்றவரின் அந்தரங்கத்தைக் காக்கும்பொருட்டு அப்பதிவுகளை அழித்துவிடல் வேண்டும் என்பதும் பல படிவங்களில் எழுதப்பட்டுள்ள உறுதிமொழி. உறுதிமொழி நல்லெண்ணத்திற் பிறந்ததே. ஆனால் சுவரில் ஒரு நிழற்படந் தவிர வேறு நினைவுப் பொருள் இல்லாத காம்பராவில், அத்தாயின் குரல் பதிவாகியிருப்பது அந்த ஓரிடத்தில் மட்டுமாக இருக்கக்கூடும். அதனை யாரிடம் கொடுப்பது, கொடுக்கும் முன் எந்தப் பகுதியை நீக்குவது, அல்லது எவர் காதிலும் விழாது அழித்துவிடுவதா என்பதை அவள் ஒருத்தியே சொல்லமுடியும். படிவங்களில் அதற்கு ஒரு வரி இல்லை. பெருவிரல் மையிற் படுமுன் அவளிடம் கேட்கவேண்டிய வினாக்களுள் அதுவும் ஒன்று.